பருத்திப் பூவின் மஞ்சள்



நம் திருச்சியை அடுத்த முக்கொம்பிலிருந்து கரூர் சாலையில் மேற்கே போனால் குளித்தலை வரும். 1900 பிப்ரவரி 3ஆம் நாள் அந்த ஊரில், ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் டி. ஆர். சேஷாத்ரி. பள்ளிப் படிப்பு ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும். சர் சி. வி. ராமன் எங்கள் ஊர்க்காரர் என்று மார்தட்டிக்கொள்கிறோம், தட்டிக்கொள்ளவும் வேண்டும். ஆனால் கரிம வேதியியலில் உலகம் மதித்த சேஷாத்ரியைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அது எனக்கு வருத்தம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படிக்க ராமகிருஷ்ண மிஷன் கை கொடுத்தது. 1927இல் அரசு உதவித்தொகை பெற்று மான்செஸ்டர் போனார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து 1929இல் முனைவரானார். ஆஸ்திரியாவில் வேதியியலாளர் பிரெகலிடம் நுண்பகுப்பாய்வு கற்றுக்கொண்டு, ஊர் திரும்பிக் கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு விசாகப்பட்டினத்தின் வால்டேரில் இருக்கும் ஆந்திரப் பல்கலைக்கழகம்.

அங்கே அவர் கையில் எடுத்தது பருத்திப் பூ. அதன் மஞ்சள் நிறம் எதனால் ஆனது, நிறமியில் சர்க்கரை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதே கேள்வி. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி அன்று கிடையாது. காய்ந்த இதழ்களைச் சாராயத்தில் கொதிக்கவைத்து, சாற்றைச் சுண்டவைத்து, ஆறவிட்டுப் படிகம் இறங்கக் காத்திருக்க வேண்டும். படிகத்தைக் காரத்தால் உடைத்து, கிடைத்த துண்டுகளை வைத்து முழு மூலக்கூறை ஊகிக்க வேண்டும். ஊகித்ததை ஆய்வுக்கூடத்தில் தொகுத்து, பூவில் கிடைத்ததோடு கலந்து உருக்க வேண்டும். உருகுநிலை இறங்காவிட்டால் இரண்டும் ஒரே பொருள். இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. மாதக்கணக்கில் செய்த வேலைக்கு ஒரு வெப்பமானி தீர்ப்பு சொல்லும். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பிரியாணிக்குப் போடுகிறோமே, கல்பாசி! அந்த லைக்கன் இனத்தையும் அவர் விடவில்லை. செஞ்சந்தனம் போல நம் மண்ணில் விளைந்தவையே அவருடைய ஆய்வுப் பொருள்கள். முடிவுகளில் பலவற்றை ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழிலேயே வெளியிட்டார். உலகம் அதைத் தேடிப் படித்தது.

1942இல் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியக் குண்டு விழுந்தபின் பல்கலைக்கழகமே குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. ஆய்வு நிற்கவில்லை. 1949இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1960இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, 1963இல் பத்ம பூஷண். இவற்றைவிட நான் பெரிதாகக் கருதுவது, அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற சுமார் 160 பேரை.

கருவி வரட்டும், நிதி வரட்டும், பிறகு ஆய்வைத் தொடங்கலாம் என்று நம் துறைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சேஷாத்ரி காத்திருக்கவில்லை. இன்று பட்டம் பெறும் உங்களில் முதுநிலை வேதியியலுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஆய்வுத் தலைப்பு தேடும்போது, கொள்ளிடக் கரையில் முளைத்திருக்கும் செடிகளில் இதுவரை யாரும் பகுத்துப் பார்க்காதது எது என்று முதலில் விசாரியுங்கள். இங்கிருக்கும் பேராசிரியர்கள் துணை நிற்பார்கள், நானும் நிற்பேன்.