கூரைக்குள் ஒரு லயம்



சீலிங்கில் ஸ்பீக்கர் பதித்தால் அதன் முதுகுக்கு ஒரு பெட்டி தேவையா, அது வீண் செலவா? இதுதான் கேள்வி. தேவைதான் என்பதற்குக் கோலா கங்சார் வட்டாரத்து வாழ்க்கையே சாட்சி.

1877இல் ஹியூ லோ கோலா கங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பிறகு பேராக் முழுதும் தோட்டங்கள் எழுந்தன. தோட்டத்தோடு லயங்களும் வந்தன. ஒரே கூரை, கீழே வரிசையாக வீடுகள். பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும்.

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று செங்கல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மாடியில்லாத பல வீடுகளில் அறைச் சுவர்கள் சீலிங்குக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகின்றன. அதற்கு மேல், ஓடு வரைக்கும், எல்லா அறைக்கும் பொதுவான ஒரே வெற்றிடம். பழைய லயம் எங்கும் போகவில்லை. தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது!

ஸ்பீக்கர் முன்பக்கம் மட்டும் பாடுவதில்லை. அதன் கூம்பு முன்னே தள்ளும் அளவுக்குப் பின்னேயும் தள்ளுகிறது. கீழே வரவேற்பறையில் பாட்டு. மேலே கூரைக்குள் அதே பாட்டு. அது படுக்கையறைச் சீலிங்குக்கு மேலே பரவி, எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் காதில் விழுகிறது. இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்த முதுகுச் சத்தத்தை அடைத்து வைப்பதுதான் பின்பெட்டியின் முதல் வேலை. தூசி, எலி, பல்லி, எறும்பு ஸ்பீக்கருக்குள் போகாமல் காப்பது அடுத்த வேலை.

"பெட்டி போட்டால் பேஸ் செத்துவிடும்" என்பார்கள் எதிர்த்தரப்பினர். அதில் பாதி உண்மை. பெட்டி மிகச் சிறியதானால் உள்ளே அடைபட்ட காற்று கூம்பை இறுக்கும்; தாழ்ந்த ஒலி மெலியும். அது பெட்டியின் குற்றமல்ல, அளவின் குற்றம். ஸ்பீக்கர் தயாரித்தவர் எத்தனை லிட்டர் கொள்ளளவு சொல்கிறாரோ அதையே கொடுக்க வேண்டும்.

பெட்டி வாங்கினால் மட்டும் போதுமா? போதாது. கம்பி நுழையும் துளையை அடைக்க வேண்டும். பெட்டியின் பாரம் சீலிங் பலகைமேல் விழாமல் மேலேயுள்ள சட்டத்தில் தாங்க வேண்டும். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் வைத்தால் அதிர்வு மரத்தில் இறங்குவது குறையும். பால்வெட்டிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு ரப்பரின் அருமையைச் சொல்லித் தரவா வேண்டும்? ஓடு ஒழுகும் வீட்டில் மரத்தூள் பலகைப் பெட்டி ஊறி உப்பும். உலோகப் பெட்டி நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பழைய வீட்டுச் சீலிங் அஸ்பெஸ்டாஸ் கலந்த தகடாக இருக்கலாம். அதை அறுத்தால் எழும் தூள் நுரையீரலுக்குள் போய்ப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைத் தரக்கூடியது. சோதித்துப் பார்க்காமல் யாரும் துளை போடக்கூடாது.

பாட்டு கேட்பவருக்கு அது இன்பம். சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு அது இரைச்சல். இருவரும் ஒரே வீட்டில் நிம்மதியாக வாழத்தான் அந்தப் பெட்டி.