யாரும் கேட்காத மெஸ் பாக்கி
(செஞ்சியில் நடந்த முன்னாள் கல்லூரி மாணவர்கள் சந்திப்பில் மூத்த மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

கல்லூரிக் கால நினைவுகளைப் பேசுங்கள் பாய், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். எழுபது வயதைத் தொட்டவனிடம் பழைய கதை கேட்டால் மஃரிப் பாங்கு சொல்லும்வரை நிறுத்தமாட்டான். அதனால் ஒரே ஒரு கதையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அது என் கதை இல்லை, என்னோடு படித்த நண்பரின் கதை.

அதற்கு முன், நாமெல்லாம் படித்த கல்லூரிகள் எப்படி வந்தன என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அரங்கில் புதுக்கல்லூரியில் படித்தவர்கள் இருக்கிறீர்கள். திருச்சி ஜமால் முகமதில் படித்தவர்கள் இருக்கிறீர்கள். வாணியம்பாடி, மேல்விஷாரம் போய்ப் படித்தவர்களும் இருக்கிறீர்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த அரசு முகமதியக் கல்லூரி சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோருக்குமான அரசு கலைக் கல்லூரியாக மாறியது. நம் சமுதாயத்துக்கென்று ஒரு கல்லூரி வேண்டும் என்று தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1951இல் ராயப்பேட்டையில் தொடங்கியதுதான் புதுக்கல்லூரி. அதே 1951இல் ஹாஜி எம். ஜமால் முகமது சாகிபும் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியைத் தொடங்கினார்கள். 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி கண்டார்கள். 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி வந்தது.

தோல் வியாபாரத்திலும் கடைகளிலும் சம்பாதித்த காசை நம் முன்னோர் இப்படிக் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். கட்டடம் கட்டியவர்கள் கூடவே மைதானத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1875இல் சர் சையது அகமது கான் அலிகரில் தொடங்கிய கல்விக்கூடத்திலேயே கிரிக்கெட்டும் படிப்போடு சேர்ந்து வளர்ந்தது. விளையாட்டு நேரத்தை வீணாக்கும் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். நம் கல்வித் தந்தைகள் அப்படி நினைக்கவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன்.

நானும் அந்த நண்பரும் செஞ்சியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, 1972இல் பி.யு.சி. சேர ஒரே பஸ்ஸில் திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனோம். அப்போது பிளஸ் டூ கிடையாது, அது 1978இல்தான் வந்தது. எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் பேச்சு அந்தக் கல்லூரியைப் பற்றியதாகிவிடும். நான் சொல்ல வந்தது எங்களைப் பற்றி.

அவர் ஓட்டக்காரர். ராஜகிரி மலை ஏறத்தாழ 800 அடி உயரம். நமக்கெல்லாம் பாதி வழியில் தண்ணீர் வேண்டும். அவர் சுபுஹ் தொழுதுவிட்டு அந்தப் படிகளில் ஓடி ஏறி, வெயில் வருவதற்குள் இறங்கிவிடுவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோட்டைதான் அவருக்குக் கோச். அந்தக் கோட்டையை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமக்கு அது அன்றைக்கு ஓடி விளையாடும் இடம்.

கல்லூரியில் அவர் 1500 மீட்டர் ஓடினார். அந்தக் காலத்தில் இன்று பார்க்கும் சிவப்பு சிந்தெடிக் தடம் ஏது? கரித்தூள் போட்ட தடம். விழுந்தால் முழங்கால் கருத்துப்போகும். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ அவரிடம் இல்லை. சீனியர் ஒருவருடையதை வாங்கிப் போட்டுக்கொள்வார். அது ஒரு சைஸ் பெரிது. முன்பக்கம் துணியை அடைத்துக்கொண்டு ஓடினார். ரமலான் வந்தால் ஹாஸ்டலில் சஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டு, மற்றவர்கள் மறுபடி படுக்கும்போது இவர் மைதானத்துக்குப் போவார். மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். அன்று நாங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தோம். வார்டன் திட்டினார். பிறகு அவரே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில், பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அத்தாவுக்கு உடம்பு சரியில்லை, கடையைப் பார்க்க வேண்டும் என்று தகவல் வந்தது. நாங்கள் 'பாவம்' என்று சொன்னோம். ரிலே அணிக்கு வேறு ஆளைப் பிடித்தோம். அவ்வளவுதான்.

நான் டிகிரி முடித்து, வெளியூரில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். அவர் இங்கேயே நெல் வியாபாரத்தில் இருந்தார். பெருநாள் தொழுகையில் பார்ப்போம். கட்டித் தழுவிக்கொள்வோம். 'எப்படி இருக்கீங்க பாய்' என்போம். இப்படியே வருடங்கள் ஓடின.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் எங்கள் வகுப்பு நண்பர்கள் கூடினோம். தலை நரைத்தவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு இருபது வயதுக்காரர்கள் ஆகிவிட்டோம். யார் கோல் போட்டது, யார் பெனால்டியை விட்டது, யார் மேட்ச் பார்க்கச் சுவர் ஏறிக் குதித்து மாட்டிக்கொண்டது, இதே பேச்சு. அப்போது ஒருவர் கேட்டார்: "உங்க செஞ்சிக்காரர், பெரிய ஷூ போட்டு ஓடுவாரே, அவர் ஏன் பாதியிலே போனார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே தெரு. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஊருக்கு வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். டீ வந்தது. கேட்டேன். அவர் சிரித்தார். "அத்தாவுக்கு உடம்பு சரியில்லாதது உண்மைதான். ஆனா அது மட்டும் காரணம் இல்ல. மெஸ் பில் மூணு மாசம் பாக்கி. இருநூத்துச் சொச்சம் ரூபா. வீட்ல கேட்க முடியல. உங்கிட்ட கேட்கக் கூச்சமா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நீயும் கேட்கல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது அதிகமாக வலித்தது. பெரிய ஷூவை நான் பார்த்தேன். ராத்திரி மெஸ்ஸுக்கு அவர் வராத நாட்களும் எனக்குத் தெரியும். ஓட்டக்காரர், சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருடம் நாங்கள் ஆறு பேர் சினிமாவுக்குச் செலவு செய்த காசு அந்த பாக்கிக்குப் போதும். கல்லூரியில் யாரும் அவரை விரட்டவில்லை. யார் மேலும் குறை இல்லை. தோளில் தூக்கிய நாங்கள்தான் அவர் சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை.

அவருடைய மண்டலப் போட்டிச் சான்றிதழைப் பார்க்க ஆசைப்பட்டேன். டிரங்குப் பெட்டியில் வைத்திருந்ததைக் கரையான் தின்றுவிட்டது என்றார். பிறகு இன்னொரு சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். அது அவர் பேத்தியுடையது. பள்ளி மாணவி, மாவட்ட அளவில் ஓடி வாங்கியது. "இதனால ஏதாவது பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

மாவட்டச் சான்றிதழால் நாளைக்கே வேலை கிடைத்துவிடாது. ஆனால் மாவட்டத்தில் ஜெயித்தால்தான் மாநிலம், மாநிலத்தில் ஜெயித்தால்தான் தேசியம். தமிழ்நாடு அரசு வேலைகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண், பெண் இருபாலருக்கும் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்கிறவர்களைத் தேர்வுப் போட்டி வைத்து எடுக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் பயிற்சியும் அங்கே இலவசம். நமக்கு விழுப்புரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். பல கல்லூரிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் கட்டணச் சலுகையும் தருகின்றன. இது தவிர, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு 2022இல் 'புதுமைப் பெண்' திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கு 2024இல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் வந்தன. இரண்டிலும் மாதம் 1000 ரூபாய் என்று அறிவித்தார்கள். உங்கள் பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகல் எடுத்து, பீரோவில் வையுங்கள். டிரங்குப் பெட்டி வேண்டாம்.

பெண் பிள்ளை ஓடலாமா என்று சிலர் கேட்பீர்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதாக ஹதீஸில் வருகிறது. உடை, இடம், பாதுகாப்பு பற்றிக் கவலை இருந்தால் பள்ளி ஆசிரியரோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதற்குப் பதில் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள், 17 வயது காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். கேரம் பலகை நம் வீடுகளில் இல்லையா?

தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்து இந்திய ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. கேப்டன் பாஸ்கரன், சென்னை லயோலா கல்லூரி மாணவர். அதே அணியில் ஆடிய ஜாஃபர் இக்பால் அலிகர் மாணவர். முகமது ஷாகித் லக்னோ விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். கல்லூரியும் விடுதியும் தாங்கிப் பிடித்ததால்தான் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போனார்கள். ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் ஒரு பள்ளி ஆசிரியர், உஸ்மானியாவில் படித்து ஆடியவர். அவர் பயிற்சியில்தான் இந்தியக் கால்பந்து அணி 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. இரண்டாவது தங்கத்தின்போது அவர் புற்றுநோயோடு இருந்தார். மறு வருடமே மர்ஹூம் ஆனார். ஓர் ஆசிரியர் நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்று பாருங்கள்.

என் நண்பர் இன்று நம்மோடு இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இந்தக் கதையைச் சொல்ல அவர் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். யார் என்று தேடாதீர்கள். அவர் பேத்தி இப்போதும் ஓடுகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

முன்னாள் மாணவர்களே, நாம் வருடத்துக்கு ஒருமுறை கூடி, பிரியாணி சாப்பிட்டு, பழைய மேட்ச்சைப் பேசிக் கலைகிறோம். அது தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த வருடம் மூன்று காரியம் செய்வோம்.

முதலாவது, நம் மஹல்லாவிலிருந்து வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுப்போம். நம்மில் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பு. மாதம் ஒருமுறை போன் செய்து, 'மெஸ் பில் கட்டியாச்சா?' என்று நாமே கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, பாக்கி இருந்தால் நாமே கட்டிவிடுவோம். ஜகாத்திலிருந்தா, ஸதகாவிலிருந்தா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று இந்த இதழில் போடக் கூடாது, போட்டோவும் கூடாது.

மூன்றாவது, ஓடுகிற, ஆடுகிற பிள்ளைக்குக் கால் அளவுக்குச் சரியான ஷூ வாங்கிக் கொடுப்போம்.

ஒரு நோட்டு வாசலில் வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. வெளியே போகும்போது உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த சந்திப்பில் கோல் கதைகளுக்கு முன்னால் அந்த நோட்டைப் படிப்போம்.

அல்லாஹ் நம் மர்ஹூம்களின் பாவங்களை மன்னித்து, நம் பிள்ளைகளின் படிப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.