ஆகாயத் தபாலும் மாட்டு வண்டியும்

(கிராமக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச வந்தவன் மாட்டு வண்டியை இழுப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் நமது தேசத்து ஆகாயத் தபாலின் சரித்திரத்தில் வண்டிமாடுகளுக்கும் பங்குண்டு.

1911-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ந் தேதி, ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் அலகாபாத்திலிருந்து ஏறக்குறைய 6,500 கடிதங்களுடன் பறந்து, யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். தூரம் சுமார் ஆறு மைல்தான். பொருட்காட்சியையொட்டி நடந்த அது வேடிக்கையே யன்றி ஒழுங்கான தபாலன்று. 1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியார் லண்டனிலிருந்து கராச்சிக்கு வாரந்தோறும் தபால் கொண்டுவரத் தொடங்கினர். ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில் கடந்தும் ஏழு நாளில் கடிதம் வந்து சேர்ந்தது. ஆனால் சென்னைக்கு வரவேண்டிய கடிதம் கராச்சியில் இறங்கி மறுபடி ரயிலேற வேண்டியதாயிற்று.

இக்குறையை நீக்க முன்வந்தவர் இருவர். ஒருவர் ஆங்கிலேய ஆகாயப் படையில் இருந்த நெவில் வின்ட்சென்ட். மற்றவர் 1929-ல் இந்தியாவிலேயே முதல் விமானி லைஸென்ஸு பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா. ஸர்க்காரிடம் பொருளுதவி கேட்டு மூன்று வருஷங்கள் காத்திருந்தனர், உதவி கிடைக்கவில்லை. முடிவில், உதவித் தொகை யாதும் வேண்டாம், சுமக்கும் தபாலுக்குக் கூலி தந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டனர். நஷ்டம் வந்தால் தங்கள் தலையிலே என்பதை அறிந்தே இறங்கினர்.

1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி காலை, டாட்டா கராச்சியிலிருந்து தாமே விமானத்தை ஓட்டிப் புறப்பட்டார். "புஸ் மாத்" என்னும் அவ்விமானத்துக்கு யந்திரம் ஒன்றே. வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 மைல். சுமையோ 55 ராத்தல் கடிதங்கள். நம் சென்னைக் கணக்கில் இரண்டு மணங்குக்குச் சற்று மேல். அதைச் சுமக்க ஓர் ஆள் போதுமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது! வழிகாட்டக் கம்பியில்லாத் தந்தி கிடையாது. கீழே தெரியும் ஆறும் குன்றும் ரயில் பாதையுமே வழிகாட்டிகள். ஆமதாபாத்தில் இறங்கியதும், நான்கு காலன் டின்களில் பெட்ரோலை ஏற்றிக்கொண்டு வந்தது மாட்டு வண்டி. அதை ஊற்றிக்கொண்டு பிற்பகலில் பம்பாயில் ஜுஹு மைதானத்தில் இறங்கினார். அங்கிருந்து வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார்.

மைதானம் என்றேன்; ஜுஹு அக்காலத்தில் கடலோரத்துச் சேற்று நிலமே. மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிவிடும். ஆதலால் அம்மாதங்களில் விமானங்களைப் பூனாவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து நடத்தினார்கள். இவ்வளவு இடைஞ்சலிலும் தபால் தவறவில்லை. முதல் வருஷத்தில் 1,60,000 மைல் பறந்தன. 60,000 ரூபாய் லாபமும் கிடைத்தது. பிரயாணிகள் 155 பேரே. தபாலுக்கே முதலிடம், மனிதர் மிஞ்சிய இடத்தில் ஒடுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதனால் கிராமவாசிக்கு வந்த லாபம் என்ன? உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் அதிகமில்லை. தனிக் கட்டணம் செலுத்தக் கூடிய வியாபாரிகளுக்கே அது உதவிற்று. 1938-ல்தான், இங்கிலாந்துக்கும் இந்தியா, பர்மா, மலேயா முதலிய நாடுகளுக்கும் இடையே சாதாரணக் கடிதங்களும் தனிக் கட்டணமின்றி ஆகாயத்தில் செல்லும் ஏற்பாடு வந்தது. மறு வருஷமே யுத்தம் வந்து அதைக் குலைத்தது. அன்றியும், ஆகாயத்தில் மணிக்கு 100 மைல் வந்த கடிதம், ரயிலடிக்கு அப்பால் உள்ள கிராமத்தைத் தபாற்காரர் கால்நடையாக வரும் வேகத்திலேயே அடைந்தது. சேறும் பள்ளமுமான பாதையில் ஒருநாள் தாமதித்தால், மேலே மிச்சம் பிடித்த நாள் இங்கே போய்விடும்.

1982-ல், ஐம்பது வருஷம் நிறைந்த அதே அக்டோபர் 15-ந் தேதி, டாட்டா தமது 78-வது வயதில் மறுபடியும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பழைய ஒற்றை யந்திர விமானமொன்றை ஓட்டி வந்தார். அதைக் காண வின்ட்சென்ட் இல்லை. யுத்த காலத்தில், 1942-ல், இங்கிலாந்திலிருந்து விமானத்தில் புறப்பட்டவர் இந்தியா வந்து சேரவேயில்லை.