பணமில்லா உலகம்



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தமிழர் குடியேறியதற்குக் காரணங்கள் பல கூறலாம். அவற்றுள் முதன்மையானது பொருள் தேடுதலே. திங்கள்தோறும் ஊருக்கு ஒரு தொகை சென்றாக வேண்டும் என்னும் கடமை நம்மில் பலரை இங்கே நிறுத்தியிருக்கிறது. அத்தகைய நம்மிடம் ஒருவர் வந்து, "பணமே இல்லாத ஓர் உலகத்தை எண்ணிப் பாருங்கள்; அங்கே வேலைகளை இயந்திரங்கள் செய்யும்; விளைவதெல்லாம் எல்லோர்க்கும் பொது; வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம்" என்று கூறினால் நமக்கு நகைப்பு உண்டாகலாம். ஆயினும் அது நகைத்து ஒதுக்கத்தக்க கற்பனை அன்று.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலே கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் முறை விரைந்து பரவியது. கீரைக் கூடையின் அருகிலும் இன்று கட்டங்கள் நிறைந்த அட்டை ஒன்று தொங்குகிறது. இது தாளில்லாப் பணமே அன்றிப் பணமில்லா வாழ்வு ஆகாது. கணக்கிலே தொகை இல்லாதவனுக்குக் கைப்பேசி கீரை வாங்கித் தாராது.

உண்மையாகவே பணத்தை நீக்கிவிட்ட சமுதாயத்தை எண்ணிப் பார்த்தவர்கள் பலர். ஆங்கிலேயரான தாமஸ் மோர் 1516 இல் எழுதிய 'உட்டோப்பியா' என்னும் நூலிலே மக்கள் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைக்கின்றனர். அங்கே பணம் வழங்குவதில்லை. அமெரிக்கரான எட்வர்டு பெல்லமி 1888 இல் ஒரு நாவலை வெளியிட்டார். அதன் தலைவன் 1887 இல் பாஸ்டன் நகரில் உறங்கி 2000 ஆம் ஆண்டில் விழிக்கிறான். ஒவ்வொருவர்க்கும் ஆண்டுதோறும் சமமான பங்கு ஓர் அட்டையிலே குறிக்கப்படுவதையும், பொதுப் பண்டசாலையிலிருந்து பொருள்கள் வீடு வந்து சேர்வதையும் அவன் காண்கிறான். நம் காலத்திற்கு அண்மையில், 2017 இல் தம் 101 ஆம் வயதில் மறைந்த ஜாக் ஃபிரெஸ்கோ என்பவர் புளோரிடா மாநிலத்தில் வீனஸ் என்னும் ஊரில் இருந்துகொண்டு இக்கருத்தை இன்னும் தொலைவு எடுத்துச் சென்றார். உலகின் வளங்களைக் கணிப்பொறிகள் எண்ணி அறியும். தேவை அறிந்து பகிர்ந்தளிக்கும். மனிதர் கல்வியிலும் கலையிலும் காலம் கழிப்பர் என்பது அவர் கண்ட கனவு.

இக்கனவுக்கு எதிரே ஒரு கடினமான வினா நிற்கிறது. பணம் என்பது பேராசையின் கருவி மட்டும் அன்று. எந்தப் பொருள் அரிது, எது மலிவு என்பதை விலை நமக்கு அறிவிக்கிறது. இருக்கும் இரும்பைக் கலப்பைக்குக் கொடுப்பதா, தண்டவாளத்திற்குக் கொடுப்பதா என்பதை விலை இல்லாமல் எவ்வாறு தீர்மானிப்பது என்று லுட்விக் ஃபான் மீசஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1920 இலேயே கேட்டார். கணிப்பொறி தீர்மானிக்கும் என்பது இக்காலத்தார் விடை. அரிசி எவ்வளவு இருக்கிறது என்று கணிப்பொறி எண்ணிவிடும்; ஐயமில்லை. ஆனால் ஓர் ஊருக்கு மருத்துவமனை முதலில் வேண்டுமா, பாலம் முதலில் வேண்டுமா என்பது எண்ணிக்கை அன்று; அது மக்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய செய்தி.

இவ்வளவும் ஏட்டளவிலே நிற்பவை. பணமில்லா வாழ்வின் சிறு வடிவம் ஒன்றைக் கண்ணாற் காண விரும்புவோர் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம்முள் தில்லியிலும் பஞ்சாபிலும் வாழ்வோர் பலர் அமிருதசரஸ் பொற்கோயிலைக் கண்டிருப்பர். அங்கே குரு நானக் வகுத்த நெறியிலே 'லங்கர்' என்னும் பொது அடுக்களை இரவும் பகலும் நடைபெறுகிறது. சாதாரண நாள்களிலேயே பல்லாயிரவர் உண்கின்றனர்; திருநாள்களில் அத்தொகை பெருகுகிறது. உண்ண வருபவரின் குலமும் சமயமும் கேட்கப்படுவதில்லை, விலையும் கேட்கப்படுவதில்லை. செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் தரையில் அமர்கின்றனர். அந்த அடுக்களையிலே இயந்திரமும் உண்டு. மாவு பிசையவும், மணிக்கு ஆயிரக்கணக்கில் சப்பாத்தி சுட்டுத் தள்ளவும் பொறிகள் உள்ளன. அவற்றின் அருகிலேயே தொண்டர்கள் கையாலும் சப்பாத்தி இடுகின்றனர், பூண்டு உரிக்கின்றனர், பாத்திரம் துலக்குகின்றனர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. லங்கருக்கு வரும் கோதுமையும் பருப்பும் எரிபொருளும் காணிக்கையால் அமைபவை. அக்காணிக்கை வெளியுலகிலே பணமாக ஈட்டப்பட்டதே. பணத்தின் கடல் நடுவே அமைந்த பணமில்லாத் தீவு அது.

அத்தீவு நமக்குக் கற்பிப்பது யாது? இதே இயந்திரத்தை வேறோர் இடத்தில் வைத்துப் பாருங்கள். மும்பை தாராவியிலே நம் மக்கள் விடியுமுன் எழுந்து இட்டிலி அவித்து, அலுமினியப் பாத்திரங்களில் சுமந்து நகரெங்கும் விற்கின்றனர். அவ்விட்டிலியை ஆயிரக்கணக்கில் அவித்துத் தள்ளும் பொறி ஒன்றை ஒரு முதலாளி நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இட்டிலி பெருகும், உழைப்புக் குறையும், அத்தனையும் நன்மையே. ஆனால் நேற்று வரை அவித்து விற்றவர் இன்று வருமானம் இழப்பார். வருமானம் இழந்தவர்க்கு அந்த மலிவான இட்டிலியும் எட்டாது. ஊருக்குச் செல்லும் தொகையும் நின்றுபோகும். அமிருதசரஸில் இது நிகழவில்லை. சப்பாத்திப் பொறி வந்தபோது அங்கே மாவு உருட்டிக் கொண்டிருந்த தொண்டர் சோறு இழக்கவில்லை. அவர் உண்பது கூலியால் அன்று, வரிசையில் அமர்ந்ததால். பொறியின் தன்மை ஈரிடத்தும் ஒன்றே. ஓரிடத்தில் அது கைக்கு ஓய்வு தருகிறது. மற்றோரிடத்தில் வயிற்றை வாட்டுகிறது. வேறுபாடு இரும்பிலே இல்லை. அப்பொறி யாருக்கு உரியது, உணவு எதனால் கிடைக்கிறது என்னும் இரண்டிலேயே இருக்கிறது.

அப்படியாயின் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கும் சான்று உண்டு. கலிலேயக் கடலின் தென்கரையிலே 1910 இல் தெகானியா என்னும் கூட்டுக் குடியிருப்பை யூத இளைஞர் சிலர் அமைத்தனர். கிப்புட்ஸ் எனப்படும் குடியிருப்புகளுள் அதுவே முதலாவது. உணவுக்கூடம் பொது, சலவையும் பொது, தனித்தனிக் கூலி இல்லை. பல தலைமுறைகள் அவ்வாறே வாழ்ந்தன. 1980 களில் பணவீக்கமும் கடனும் கிப்புட்ஸ்களை வாட்டின. கடினமாக உழைப்பவர்க்கும் உழையாதவர்க்கும் ஒரே பங்குதானா என்னும் மனக்குறையும் வளர்ந்தது. 2007 இல் தெகானியாவினர், தத்தம் ஊதியத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தனர். நலிந்தோர்க்கு உதவும் பொது நிதியை மட்டும் விடாது காத்தனர்.

பொதுவளம் நிலைபெற வேண்டுமாயின் விதி வேண்டும். அவ்விதியை யார் வகுப்பது என்பதை ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அம்மையார். பொருளியலுக்கான நோபல் பரிசை 2009 இல் பெற்ற அவரே அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி. வளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்து, தாமே காவல் செய்து, மீறியவர்க்குப் படிப்படியாகத் தண்டம் விதிக்கும் இடங்களில் பொதுவளம் நெடுங்காலம் வாழ்கிறது என்று அவர் காட்டினார். ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவிலே வியாழக்கிழமைதோறும் பேராலய வாயிலில் உழவரே நடுவராக அமர்ந்து வாய்க்கால் நீர் வழக்கைத் தீர்க்கின்றனர். இது நமக்குப் புதிதன்று. ஏரியைக் குடிகளே தூர்வாரிக் கரை காத்த குடிமராமத்தும், முறை வைத்து மடை திறந்த நீர்க்கட்டிகளும் நம் ஊர்களில் இருந்தவையே. அங்கே நீருக்கு விலை இல்லை. ஆனால் முறை இருந்தது. முறை தளர்ந்த இடங்களில் ஏரியும் தூர்ந்தது.

ஆகவே பணமில்லா உலகத்தை இயந்திரம் மட்டும் கொண்டு வந்து தந்துவிடாது. பணம் செய்து வந்த வேலையைச் செய்ய முறையும் நம்பிக்கையும் வேண்டும். யாரும் விரும்பாத வேலைக்கு யார் முறை என்று கேட்கும்போது எழுந்து நிற்கும் மனமும் வேண்டும். அவ்வுலகம் முழுமையாக என்றேனும் வருமா என்பதை இன்று கூற இயலாது. ஆனால் வாழ்வின் சில பகுதிகளை விலையின் பிடியிலிருந்து விடுவிக்க மனிதரால் இயலும். பள்ளியிலே குழந்தைக்கு இடும் நண்பகல் உணவும், அம்மைத் தடுப்பும், பொது நூலகமும் அவ்வாறு விடுவிக்கப்பட்டவையே.

நாம் வேலை செய்யும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் புதிய பொறிகள் நாள்தோறும் நுழைந்துகொண்டிருக்கின்றன. அவை எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்றே எல்லோரும் கேட்கின்றனர். அவை மிச்சப்படுத்தும் உழைப்பின் பயன் யாரைச் சேரும் என்று கேட்கவும் நாம் பழக வேண்டும்.