பெரிய சாமியின் அறிக்கை

மைசூரிலே குடியேறி வாழும் நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால், அரண்மனையைக் காட்டியபின் புனித பிலோமினா தேவாலயத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டிய ஆலயம் அது. அதன் இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு நெடுங்காலம் முன்பே இந்நாட்டில் உழைத்தவரின் அடிச்சுவடு எளிதில் தெரிவதில்லை. சமயத் தொண்டுக்கும் தலைமைக்கும் சிறப்புத் தருவது யாது என்று வினவுவோர்க்கு, அத்தகைய ஒருவரின் வரலாறு விடையளிக்கும்.

ழான் அந்துவான் துபுவா என்பது அவர் பெயர். பிரான்சு நாட்டிலிருந்து 1792இல் புறப்பட்டு வந்த கத்தோலிக்கக் குரு. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் மடிந்தபின், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுதிரட்ட மைசூர் நாட்டுக்கு வந்தார். இந்நாட்டாரைப் போலவே உடுத்தார். அவர்கள் உணவையே உண்டார். அவர்கள் மொழியிலேயே பேசினார். மக்கள் அவரைத் 'தொட்ட சாமி' என்றனர். கன்னடத்தில் பெரிய சாமி என்பது அதன் பொருள்.

ஹாசனுக்கு அருகே சத்தள்ளியில் வறியோர்க்கு உழவுக் குடியிருப்பு அமைத்தார். அக்காலத்தில் பெரியம்மை ஊர் ஊராய் உயிரைக் குடித்தது. ஜென்னர் 1796இல் செய்துகாட்டிய அம்மை குத்தும் முறை, 1802இல்தான் இந்தியாவை அடைந்தது. மறு ஆண்டே துபுவா அதனை இங்கே பரப்பலானார். 1803-04இல் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்மை குத்திக்கொண்டனர். எவரோ கொணர்ந்த புதுமருந்துக்கு ஒரு தாய் தன் குழந்தையின் கையை நீட்டுவாளா? தான் நம்பும் ஒருவர் சொன்னால் நீட்டுவாள். அந்த நம்பிக்கையை ஈட்டுவதன்றோ தலைமை!

1823இல் அவர் தாயகம் திரும்பினார். இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலைபற்றி அவர் எழுதிய கடிதங்கள் அவ்வாண்டே லண்டனில் நூலாக வெளிவந்தன. முப்பதாண்டு உழைப்பால் தாம் மனம் மாற்றியவர் மிகச் சிலரே என்று அதில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். பிற பாதிரிமார் சினந்தனர். பாளையங்கோட்டையில் முன்பு பணியாற்றிய ஜேம்ஸ் ஹஃப் மறுப்பு நூலே எழுதினார். துபுவாவின் முடிவு தவறாகவே இருக்கலாம். ஆயினும், நம் சபைகளிலும் சங்கங்களிலும் ஆண்டறிக்கை வாசிக்கும் நாளில், தம் குறையைத் தாமே கூறத் துணிவோர் எத்தனை பேர்?

அவரும் குறையற்றவரல்லர். இந்து மக்களின் பழக்கவழக்கங்கள்பற்றி அவர் பெயரால் 1816இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலின் பெரும்பகுதி, அவருக்கு முன்னிருந்த கேர்து என்னும் ஏசு சபைத் துறவியின் கையெழுத்துப் படியிலிருந்து எடுக்கப்பட்டது என்று 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. கேர்துவின் பெயரைத் துபுவா சொல்லவில்லை. தொண்டின் கணக்கில் காத்த நேர்மையை அவர் நூலின் கணக்கில் காக்கவில்லை. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இது உறுத்துகிறது.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் துபுவா பிரெஞ்சில் பெயர்த்து 1826இல் வெளியிட்டார். அறிவிலாத் தலைவரையும் அவரை நம்பிச் செல்லும் ஐந்து சீடரையும் கண்டு நாம் நகைக்கிறோம். தலைவன் தன்னை அறியாவிடில் சீடர் கதி என்னவாகும் என்பதே அக்கதை.

அடுத்தமுறை உறவினரை அக்கோபுரங்களின் அடியில் நிறுத்தும்போது, தொட்ட சாமியின் கதையையும் சொல்வோம். அவர் அம்மை குத்தியதையும், தம் தோல்வியை எழுதிவைத்ததையும், எழுதாமல் விட்ட பெயரையும் சேர்த்தே சொல்வோம்.