தேயிலைக் கம்பனியின் பெறுமதியும் மலையின் காலநிலையும்



ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில் பயணம் செய்தவர்கள், இருமருங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும் தேயிலை மலைகளைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள். அந்த மலைகளைக் காணும்போது, இவற்றை நடத்தும் கம்பனியின் பெறுமதி என்ன என்று எவரும் கேட்பதில்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் அக்கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகின்றது. விடையும் நாள்தோறும் ரூபாவிலும் சதத்திலும் கூறப்படுகின்றது. அந்த விடையில் மழைக்கும் வெயிலுக்கும் மண்ணுக்கும் உரிய இடம் எது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பெறுமதி என்பது யாது என்று பார்ப்போம். ஒரு கம்பனி நேற்று ஈட்டிய பணத்துக்காக எவரும் அதை வாங்குவதில்லை. நாளை ஈட்டப்போகும் பணத்தை எண்ணியே வாங்குகின்றனர். ஆண்டுதோறும் 100 ரூபா மிச்சப்படுத்தும் தோட்டம் ஒன்று உண்டென்று வைத்துக்கொள்வோம். போட்ட பணத்துக்கு 10 சதவீதம் கிடைத்தாற் போதும் என்று எண்ணுகிறவர் அதற்கு 1,000 ரூபா கொடுப்பார். வானம் முன்போல் இல்லை, இவ்வருமானம் நிச்சயமில்லை என்று அவர் அஞ்சினால், 12½ சதவீதம் கிடைத்தாலன்றிப் பணம் போடமாட்டார். அப்பொழுது அதே தோட்டத்தின் பெறுமதி 800 ரூபாவாகும். வறட்சியினால் வருமானமும் 90 ரூபாவாகக் குறைந்தால், பெறுமதி 720 ரூபாவே. வருமானத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு. பெறுமதியில் குறைந்ததோ கால் பங்கிற்கும் மேல். காலநிலை கம்பனியை இவ்விதம் இரண்டு வழிகளில் தாக்குகின்றது: விளைவைக் குறைக்கின்றது, விளைவின்மீது வைத்த நம்பிக்கையையும் குறைக்கின்றது.

இது நம் மலைநாட்டுக்குப் புதிய பாடம் அன்று. தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்டது கோப்பி. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் துரு நிறமான ஒரு நோய் தோன்றியது. விளைச்சல் குறையத் தொடங்கியும் தோட்டக்காரர்கள் அஞ்சவில்லை. ஏனெனில், 1870களில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டே சென்றது. ஆகவே நோயைக் கண்ணாற் கண்டும், மேலும் காடழித்துக் கோப்பியே நட்டார்கள். வங்கிகளும் கடன் கொடுத்தன. விலை இறங்கியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 1884ஆம் ஆண்டில், இலங்கைக் கோப்பிக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. நல்லவேளையாக, 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அப்பயிரே பின்னர் மலைநாட்டைக் காத்தது. இலையில் 1869இல் தோன்றிய துரு வங்கியின் கணக்கேட்டில் ஏறப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. இடையில் அதை மறைத்து வைத்தது நல்ல விலை.

இனித் தேயிலைக்கு வருவோம். தேயிலைச் செடிக்கு ஏறக்குறைய 22 பாகை செல்சியஸ் வெப்பமே உகந்தது. மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்தல் வேண்டும். மழை தவறிய 1992ஆம் ஆண்டில், நாட்டின் தேயிலை உற்பத்தி முந்திய ஆண்டைவிடச் சுமார் கால் பங்கு வீழ்ந்தது. மழை அளவு கடந்தாலும் கேடே; சரிவான மலையின் மேல்மண்ணை அது அடித்துச் செல்கின்றது. பெய்யும் மழையின் மொத்த அளவு மாறாதிருப்பினும், பத்து நாட்களில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தால் கான்கள் உடைகின்றன. உரம் ஓடையோடு போகின்றது. மேலும், ஆண்டின் முதல் மாதங்களில் வீசும் உலர்ந்த குளிர்காற்றே டிம்புள்ளை, நுவரெலியாத் தேயிலைகளுக்குத் தனி மணத்தைத் தருகின்றது. அக்காற்றின் பருவம் பிசகினால், கிலோ குறையாவிடினும் ஏலத்தில் விலை குறையும்.

கோப்பிக் காலத்துப் பாடம் அண்மையில் மறுபடியும் நம் கண்முன் நடந்தது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் தடை நீங்கினும் மண் அதை மறக்கவில்லை. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாயிற்று. ஆயினும் அவ்வாண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தமையால், ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. தோட்டங்கள் கொழுந்தை இழந்த ஆண்டிலே கம்பனிகள் பல பெரும் இலாபம் காட்டின. செடியின் மெலிவை விலையின் கொழுப்பு மறைத்தது. இலாபத்தை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குகிறவர், 1870களில் கோப்பி நட்டவரின் வழியிலேயே செல்கின்றார்.

கம்பனியின் ஐந்தொகையைப் புரட்டினால் வேறொரு விந்தையும் புலப்படும். 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள கணக்கீட்டு நியமத்தின்படி, தேயிலைச் செடி அதை நட்டு வளர்த்த செலவிலிருந்து தேய்மானம் கழித்தே எழுதப்படுகின்றது. வெட்டி விற்பதற்கென வளர்க்கும் யூக்கலிப்டஸ் போன்ற மரங்களோ அன்றைய நியாயப் பெறுமதியில் எழுதப்படுகின்றன. அவை வளர வளர, விற்காமலே இலாபம் காட்டப்படுகின்றது. செடியையும் மரத்தையும் தாங்கி நிற்கும் மேல்மண்ணுக்கு அவ்வேட்டில் வரியே இல்லை. மண் ஓர் அங்குலம் கரைந்தாலும் ஐந்தொகை அசைவதில்லை.

காலத்தின் எல்லையும் ஒன்று உண்டு. 1970களில் அரசு பொறுப்பேற்ற தோட்டங்கள் 1992ஆம் ஆண்டு முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நிலம் அரசினுடையது, குத்தகை 2045ஆம் ஆண்டளவில் முடிகின்றது. பழைய செடியைப் பிடுங்கி, புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, வறட்சியைத் தாங்கும் புதுக்கன்று நட்டுக் கொழுந்து காண ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். அச்செடியோ முப்பது ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும். நடுகிறவர் ஒருவர், கொய்கிறவர் இன்னொருவர் என்றால் நடுவார் யார்? காலநிலையை எதிர்கொள்ளத் தோட்டம் செய்ய வேண்டிய செலவுக்கும், குத்தகை தரும் காலத்துக்கும் இடையே உள்ள இம்முரண் தீராதவரை, பெறுமதி தேய்ந்துகொண்டே செல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர் இருக்கின்றனர். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலைநாட்டின் மண்சரிவுகளே அதில் பெருங்கொடுமை. லயம் எங்கே நிற்கின்றது, அதன் மேலே உள்ள சரிவு எத்தகையது என்பவை கருணையைச் சார்ந்த கேள்விகள் மட்டும் அல்ல. கொழுந்து பறிக்கும் கை இல்லையேல் தோட்டம் வெறும் புதர். பாதுகாப்பான வீடு கிடையாத இடத்திலிருந்து இளைஞர் கொழும்புக்குப் போகின்றனர்; அவர்களோடு கம்பனியின் வருங்கால வருமானமும் மலையிறங்கிப் போகின்றது.

இப்பொழுது ஒரு மாற்றம் தொடங்கியுள்ளது. பேண்தகைமையும் காலநிலையும் பற்றிய இரு புதிய நியமங்களை இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் ஏற்றுக்கொண்டுள்ளது. 2025 ஜனவரி முதல் தொடங்கும் நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் முதல் 100 பெரிய கம்பனிகள் அவற்றைப் பின்பற்ற வேண்டும். ஏனையவை படிப்படியாகச் சேரும். காலநிலையால் வரக்கூடிய இடர் எது, அதை எதிர்கொள்ளக் கம்பனி செய்வது என்ன, அதனால் நிதிநிலை எவ்வாறு மாறும் என்பவற்றை அவை வெளிப்படையாகக் கூறச் சொல்கின்றன.

நன்முயற்சிதான். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. அழகிய படங்களோடு அச்சிட்ட அறிக்கை மலையைத் தாங்காது. ஆகவே பங்குதாரர்களும் வங்கியாளர்களும் எளிய கேள்விகள் சிலவற்றைக் கேட்கட்டும்: இவ்வாண்டு எத்தனை ஏக்கரில் மறுநடுகை செய்தீர்? எத்தனை கான்களைச் செப்பனிட்டீர்? ஆலைக்கு எரிக்கும் விறகுக்கு ஈடாக எத்தனை மரம் நட்டீர்? சரிவு அபாயத்தின் கீழ் எத்தனை குடும்பங்கள் இன்னும் உறங்குகின்றன? இவற்றுக்கு எண்ணால் விடை கூறும் கம்பனிக்குக் குறைந்த வட்டியிற் கடனும், கூறாத கம்பனிக்குக் குறைந்த விலையும் கிடைக்குமாயின், நியமம் பயன் தந்ததாகும்.

கோப்பிக் காலத்தவர்க்கு நோயின் மருந்து தெரியாது. நமக்கோ கான் வெட்டவும் தெரியும், கன்று நடவும் தெரியும், ஆபத்தான சரிவிலிருந்து குடும்பங்களை அப்புறப்படுத்தவும் தெரியும். தெரிந்தும் செய்யாத குறையைக் கணக்கேடு இன்று மறைக்கலாம். அடுத்த பெருமழை மறைக்காது.