உப்புல இருக்கிற குளோரின் ஏன் நம்மளைக் கொல்லலை?

இன்னைக்கு பாத்ரூம் அலமாரியில இருந்து ஆரம்பிக்கலாம். அங்கே டாய்லெட் கிளீனரும் பிளீச்சிங் பவுடரும் பக்கத்துல பக்கத்துல இருக்கா? ரெண்டையும் கலந்து ஊத்தினா இன்னும் பளிச்சுனு ஆகும்னு யாராவது சொன்னாங்களா? தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஏன்னு புரியணும்னா, முதல்ல சமையலறைக்குப் போகணும்.

அங்கே உப்பு இருக்கு. சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். சோடியம் தண்ணியில போட்டா வெடிக்கிற உலோகம். குளோரின், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்குப் பக்கத்துல ஜெர்மன் ராணுவம் ஆயுதமாகத் திறந்துவிட்ட விஷவாயு. இந்த ரெண்டும் சேர்ந்ததைத்தான் தினமும் சாம்பார்ல போடுறோம். எப்படி? காரணம், வேதிப்பிணைப்பு.

இந்த அணுக்களுக்கு வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தா நிம்மதி. சோடியத்துக்கு அங்கே இருக்கிறது ஒண்ணு. குளோரினுக்கு ஏழு. இந்த ரெண்டு தனிமத்தை வச்சே மூணு வகைப் பிணைப்பையும் பார்த்துடலாம்.

முதல்ல, வெறும் சோடியம். ஒவ்வொரு அணுவும் தன் வெளி எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுடுது. அது எல்லா அணுக்களுக்கும் நடுவில் சுதந்திரமா திரியுது. இது உலோகப் பிணைப்பு. செம்புக் கம்பியில் கரண்ட் ஓடுறதும் இதனாலதான்.

ரெண்டாவது, வெறும் குளோரின். ரெண்டு அணுவுக்குமே ஒண்ணு குறையுது. அதனால ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் போட்டு, அந்த ஜோடியைப் பகிர்ந்துக்குது. இது சகப்பிணைப்பு. தண்ணியிலயும் சர்க்கரையிலயும் அணுக்களைப் பிடிச்சு வச்சிருக்கிறது இதுதான். ஆனா குளோரின் ஜோடி இன்னும் எலக்ட்ரானுக்கு அலையும். மூச்சுல போனா, நுரையீரல் ஈரத்தோட வினைபுரிஞ்சு அதை அரிச்சுடும்.

மூணாவது, ரெண்டும் சந்திக்கும்போது. சோடியம் தன்னோட ஒண்ணைக் கொடுத்துடுது, குளோரின் வாங்கிக்குது. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கினது எதிர்மின் அயனி. ரெண்டும் இறுக்கமா ஈர்த்துக்குது. இது அயனிப் பிணைப்பு. இறுக்கம் எவ்வளவுன்னா, உப்பை உருக்க சுமார் 801 டிகிரி செல்சியஸ் வேணும். இப்போ குளோரின் 'குளோரைடு' ஆகிடுச்சு. வயிறு நிறைஞ்சவன் பந்திக்கு முந்த மாட்டான், இல்லையா? அதேதான்.

சரி, பாத்ரூமுக்கு வருவோம். பல டாய்லெட் கிளீனர்கள்ல ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கு. அதுலயும் இதே அமைதியான குளோரைடுதான். பிளீச்சிங் பவுடர்ல இருக்கிறது ஹைப்போகுளோரைட், அதாவது ஆக்சிஜனோட பிணைஞ்ச குளோரின். ரெண்டையும் கலந்தா, அமிலத்துக்கு நடுவுல ஹைப்போகுளோரைட், குளோரைடு கிட்ட இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிடும். உடனே குளோரின் அணுக்கள் ரெண்டு ரெண்டா ஜோடி சேரும். ஆமா, ஈப்ர்ல திறந்துவிட்ட அதே வாயு, உங்க சின்ன பாத்ரூம்ல.

தெரியாம கலந்துட்டா, கழுவிவிடலாம்னு அங்கேயே நிக்காதீங்க. உடனே வெளியே நல்ல காத்துக்கு வாங்க. மூச்சுத்திணறல் இருந்தா 108-ஐக் கூப்பிடுங்க.

ஒரு பொருள்ல என்ன அணு இருக்குங்கிறது பாதிக் கதைதான். அது யாரோட, எப்படிப் பிணைஞ்சிருக்குங்கிறதுதான் மீதி. இன்னைக்கே அந்த ரெண்டு டப்பாவையும் தனித்தனியா வச்சிடுங்க. வீட்டுல சுத்தம் பண்றவங்க யாரோ, அவங்க கிட்டயும் சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!